இருபது கிலோமீட்டர் யாருக்கு வேண்டும்?

அன்புள்ள தம்பிக்கு,

கல்யாண ஆர்டர்களுக்காக முதல் ட்ரோன் வாங்கப் போவதாக எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. எது அதிக தூரம் போகும் என்று கேட்டு நான்கைந்து மாடல்களின் கணக்கையும் வரிசையாகப் போட்டிருந்தாய். ஒரே மாடலுக்கு ஓரிடத்தில் 20 கிலோமீட்டர், இன்னோரிடத்தில் 10 கிலோமீட்டர் என்று இருக்கிறதே, எதை நம்புவது என்பது உன் குழப்பம். அதை முதலில் தீர்த்துவிடலாம்.

இரண்டுமே பொய் இல்லை. டிஜேஐ மினி 4 ப்ரோவுக்கு அந்தக் கம்பெனியே இரண்டு தூரங்களைச் சொல்கிறது. எஃப்சிசி என்று போட்டிருப்பது அமெரிக்க வரம்பு, அதில் 20 கிலோமீட்டர். சிஇ என்பது ஐரோப்பிய வரம்பு, அதில் 10. கருவி ஒன்றுதான், அது எவ்வளவு பலமாகச் சிக்னல் அனுப்பலாம் என்பதை நாட்டுக்கு நாடு சட்டம் வேறுவிதமாக வைத்திருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஐரோப்பா 100 மில்லிவாட்டோடு நிறுத்திவிடுகிறது, 5.8 கிகாஹெர்ட்ஸில் 25 மில்லிவாட்டோடு. அமெரிக்கா இதைப் போலப் பல மடங்கு அனுமதிக்கிறது. ஆனால் சக்தியை நான்கு மடங்காக்கினால்தான் தூரம் இரண்டு மடங்காகும், அதுவும் நடுவில் எந்தத் தடையும் இல்லாத வெட்டவெளியில். தான் எந்த நாட்டில் இருக்கிறோம் என்று ஜிபிஎஸ் வழியாகத் தெரிந்துகொண்டு ட்ரோன் தானே அடங்கிப் போகும்.

நம் நாட்டு நிலை என்ன? 2005 ஜனவரி அறிவிக்கைப்படி 2.4 கிகாஹெர்ட்ஸில் உரிமம் இல்லாமலே 4 வாட் கதிர்வீச்சுத் திறன் வரை அனுமதி உண்டு. 2018 அக்டோபரில் 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையையும் பெருமளவு திறந்துவிட்டார்கள். அதாவது நாம் ஐரோப்பாவைவிட அமெரிக்காவுக்குத்தான் பக்கம். கருவிக்கு மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு ஒப்புதல் இருக்க வேண்டும், அவ்வளவே. ஆகவே நாட்டை மாற்றிக் காட்டும் ஆப், ரிமோட்டில் மாட்டும் பூஸ்டர் என்று யாராவது விற்க வந்தால் வாங்காதே. கருவியை அப்படி மாற்றினால் அதற்குக் கிடைத்த ஒப்புதலுக்கு அர்த்தம் இல்லாமல் போகும்.

இனி அந்த 20 கிலோமீட்டரைக் கொஞ்சம் உரசிப் பார்ப்போம். அதே மினி 4 ப்ரோவின் சாதாரண பேட்டரி, காற்றில்லாத நிலையில், மொத்தமாகப் பறக்கக்கூடிய தூரம் 18 கிலோமீட்டர்தான் என்று அதே பட்டியலில் இருக்கிறது. சிக்னல் போகும் தூரத்துக்கு ட்ரோனே போகாது. திரும்பி வருவதையும் சேர்த்தால் 9 கிலோமீட்டர்கூடத் தாண்டாது. அதே பட்டியலில் இன்னும் கீழே போனால் நகர்ப்புறத்துக்கென்று ஒரு வரி வரும்: சுமார் ஒன்றரை முதல் நான்கு கிலோமீட்டர். உனக்கான வரி அதுதான். ஜரிகை வாங்கும்போது அட்டையில் அச்சிட்டிருப்பதை நம்பாமல் சோதித்துப் பார்க்கிற ஊர் நம்முடையது. ட்ரோன் பெட்டியையும் அப்படியே பார்.

காஞ்சிபுரத்தில் உன் தூரத்தை முடிவு செய்பவை கல்லும் கண்ணும் காகிதமும்தான். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஏகாம்பரநாதர் கோயிலின் ராஜகோபுரம் கிருஷ்ணதேவராயர் 1509இல் கட்டியது. உயரம் 192 அடி, கிட்டத்தட்ட 58 மீட்டர். நீ தெருவில் நின்றுகொண்டு ட்ரோனை அதன் மறுபக்கம் சுற்ற விட்டாயானால், ரிமோட்டுக்கும் ட்ரோனுக்கும் நடுவே அந்தக் கட்டுமானம் முழுவதும் நிற்கும். 20 கிலோமீட்டர் போகும் என்று சொன்ன சிக்னல் 200 மீட்டரில் அறுந்துவிடும். அறுந்ததும் ட்ரோன் தானாக வீடு திரும்பத் தொடங்கும். திரும்பும் உயரத்தை 30 மீட்டரில் வைத்திருந்தால் நேராகக் கோபுரத்தை நோக்கி வரும். கோபுரம் உள்ள இடங்களில் 80 மீட்டருக்குக் குறைத்து வைக்காதே. கல்யாணப் பந்தலுக்குள்ளும் மண்டபத்துக்குள்ளும் இதற்கு நேர்மாறு. அங்கே சிக்னல் போனால் மேலே ஏறிக் கூரையில் மோதும். அதனால் ‘நின்ற இடத்திலேயே நில்’ என்று மாற்றி வைத்துக்கொள்.

காந்தி ரோடு மாதிரி ஜவுளிக்கடைகள் நெருங்கிய தெருவில் ஒவ்வொரு கடையிலும் வைஃபை ஓடும், அதில் பாதி 2.4இல்தான். 5.8க்கு மாறினால் நெரிசல் குறையும், ஆனால் சுவரையும் மரத்தையும் ஊடுருவுவதில் அது பலவீனம். எப்போதும் மொட்டைமாடிக்கு ஏறி நின்று, ட்ரோன் நேராகத் தெரியும்படி இயக்கு. ரிமோட்டில் ஆன்டெனா வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன் நுனியை ட்ரோனை நோக்கிக் காட்டாதே. நுனியின் திசையில்தான் சிக்னல் மிகக் குறைவு. தட்டையான பக்கம் ட்ரோனைப் பார்க்க வேண்டும். நான் பார்த்த பல ‘ரேஞ்ச் போதவில்லை’ புகார்கள் இந்த ஒன்றிலேயே சரியாகிவிட்டன.

அடுத்தது கண். 250 கிராம் ட்ரோன் அரை கிலோமீட்டர் போனாலே வானத்தில் புள்ளி. அதற்குமேல் மூக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்ல முடியாது. பருந்து பக்கத்தில் வருகிறதா என்பது திரையில் தெரியாது. கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் இயக்குவதுதான் நம்மைப் போன்றவர்களுக்கு அனுமதிக்கப்பட்ட வழி. கல்யாண வீட்டார் கேட்கும் எந்த ஷாட்டும் 300 மீட்டருக்கு மேல் போனதில்லை என்பதையும் நினைவில் வை.

காகிதம்தான் நீ அதிகம் கவனிக்காதது. 2021 ட்ரோன் விதிகள் 250 கிராம் வரையிலானதை நானோ என்கின்றன, அதற்குமேல் 2 கிலோ வரை மைக்ரோ. நானோவுக்குப் பைலட் சான்றிதழ் வேண்டாம். மைக்ரோவைப் பணம் வாங்கிக்கொண்டு இயக்கினால் வேண்டும். அதற்கு 18 வயது நிறைந்து பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். பயிற்சிக்கு நீ வெகுதூரம் போக வேண்டியதில்லை, தமிழ்நாடு ஆளில்லா வானூர்தி கழகமே சென்னையில் பயிற்சி நடத்துகிறது. ட்ரோனுக்குத் தனி அடையாள எண் வாங்கு. நானோவைத் தவிர மற்றவற்றுக்கு மூன்றாம் நபர் காப்பீடும் கட்டாயம். விதியை மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

எங்கே ஏற்றலாம் என்பதை டிஜிட்டல் ஸ்கை வரைபடம் காட்டும். பச்சை மண்டலத்தில் 120 மீட்டர் உயரம் வரை போகலாம். விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் அதே பச்சை 60 மீட்டராகச் சுருங்கிவிடும். அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி விமானத் தளம் இருக்கிறது, அந்தப் பக்கம் ஆர்டர் வந்தால் வரைபடம் பார்க்காமல் முன்பணம் வாங்காதே. பரந்தூரில் விமான நிலையம் வந்துவிட்டால் நம் சுற்றுவட்டாரத்து வரைபடமும் மாறும். அதனால் போன வருஷம் பார்த்தது போதும் என்று இருந்துவிடாதே.

பச்சை என்று காட்டுவதாலேயே கோயிலுக்கு மேல் ஏற்றிவிடலாம் என்று நினைக்காதே. கைலாசநாதரும் வைகுண்டப் பெருமாளும் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறார்கள். வரதராஜர் கோயிலுக்கும் ஏகாம்பரநாதர் கோயிலுக்கும் அறநிலையத் துறையிடம் எழுத்தில் அனுமதி கேள். வைகாசி கருட சேவை அன்று தெருவெல்லாம் தலைகள். போலீஸ் அனுமதி கிடைத்தாலும் ஜனத்தின் தலைக்கு நேர் மேலே பறக்கவிடாதே. பிள்ளையார்பாளையத்தில் தறிக்காரர்கள் பாவு நீட்டியிருப்பதை மேலிருந்து எடுத்துத் தரச் சொல்லி ஜவுளிக்கடைக்காரர்கள் கேட்பார்கள். அழகான ஷாட்தான். உயரத்தில் நின்று ஜூம் போட்டு எடு. தாழ இறங்கினால் விசிறிக் காற்றில் பட்டு இழை கலையும், அந்த நஷ்டம் உன் சம்பளத்தைவிடப் பெரியது.

இப்போது வாங்கும் விஷயத்துக்கு வருகிறேன். 2022 பிப்ரவரி 9ஆம் தேதி முதல் வெளிநாட்டு ட்ரோன்களை முழுதாகவோ பகுதி பிரித்தோ இறக்குமதி செய்யத் தடை. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. உதிரி பாகங்கள் வரலாம். நீ பட்டியலிட்டவை எல்லாம் பெரும்பாலும் இந்தத் தடைக்குள் வருபவை. துபாயிலிருந்து மாமா கொண்டுவருகிறார் என்றால் விமான நிலையத்திலேயே சுங்கத்தில் மாட்டும். அது தப்பி வந்தாலும் அடையாள எண் இல்லாத ட்ரோனை நம்பித் தொழில் நடத்த முடியாது. இந்தியத் தயாரிப்புகளையும், தடைக்கு முன்பே முறையாக வந்து எண் பெற்றவற்றையும் மட்டும் பார். எண்ணை உன் பெயருக்கு மாற்றித் தருவதாக எழுதிக் கொடுத்த பிறகே பணம் கொடு.

ஒப்பிடும்போது தூரத்தைக் கடைசி வரிசைக்குத் தள்ளு. காற்றைத் தாங்குமா, சித்திரை வெயிலில் பேட்டரி உண்மையில் எத்தனை நிமிஷம் நிற்கிறது, இரண்டு அலைவரிசைகளுக்கும் தானாக மாறுமா, சிக்னல் போனால் ஒழுங்காகத் திரும்புமா, பழுதானால் சென்னையில் பாகம் கிடைக்குமா என்று கேள். இதற்கெல்லாம் நேர்ப் பதில் சொல்கிற கடைக்காரரிடம் வாங்கு.

பணம் கொடுக்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காற்று கிளம்பும் முன், விற்பவரையும் கூட்டிக்கொண்டு பாலாற்று மணலுக்குப் போ. வரைபடத்தில் அந்த இடம் பச்சைதானா என்று முதலில் பார்த்துக்கொள். திரையைப் பார்க்காமல் ட்ரோனை மட்டும் பார்த்தபடி மெல்ல விலக்கிக்கொண்டே போ. மூக்கு எந்தப் பக்கம் என்று தெரியாமல் போகிற இடத்தில் நிறுத்தி, திரையில் எத்தனை மீட்டர் என்று பார். உன் ட்ரோனின் தூரம் அதுதான். அந்த எண்ணை எனக்கு எழுது, எந்த மாடல் வாங்கலாம் என்று அப்போது பேசுவோம்.

அன்புடன்,
அண்ணன்