வகுப்பறைக்கு ஒரு தரைப்படம்: அளப்பது முதல் வரைவது வரை

ஏழு, எட்டாம் வகுப்பு மாணவர்கள் தங்கள் வகுப்பறையின் தரைப்படத்தை இரண்டு பாடவேளைகளில் முடித்துவிடலாம். ஒன்றில் அளக்க வேண்டும், மற்றொன்றில் வரைய வேண்டும். படம் சரியாக வருவதும் கோணிப்போவதும் அளக்கும் வேளையிலேயே முடிவாகிவிடும்.

தேவையானவை: நீள டேப், பென்சில், அளவுகோல், மூலைமட்டம், கவராயம், ஏ4 தாள்கள். நால்வர் ஒரு குழு. இருவர் டேப்பைப் பிடிக்க, ஒருவர் அளவை உரக்கப் படிக்க வேண்டும். எழுதுபவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் எழுத வேண்டும்.

1. கச்சாப்படம்

டேப்பைத் தொடுமுன் அறையைச் சுற்றி வந்து கையாலேயே ஒரு படம் போடுங்கள். கதவு, ஜன்னல், கரும்பலகை, அலமாரி, துருத்திய தூண் என எல்லாம் அதில் இருக்கட்டும். மூலைகளுக்கு அ, ஆ, இ, ஈ என்று பெயர் வையுங்கள். அளவுகளை இந்தப் படத்திலேயே எழுதுங்கள்.

2. டேப்பைப் பாருங்கள்

பல டேப்புகளில் ஒரு விளிம்பில் அடி, இன்னொரு விளிம்பில் மீட்டர் இருக்கும். எல்லோரும் மீட்டரையே படியுங்கள். பூஜ்யம் எங்கே தொடங்குகிறது என்றும் பாருங்கள். சில டேப்புகளில் அது வளையத்தின் வெளி விளிம்பு. சிலவற்றில் சற்றுத் தள்ளி உள்ள கோடு. சிறிய எஃகு டேப்பின் நுனிக் கொக்கி லேசாக ஆடினால் பழுது என்று நினைக்க வேண்டாம். கொக்கியின் தடிமனைச் சரிக்கட்டவே அப்படிச் செய்திருக்கிறார்கள்.

3. சுவர்களும் மூலைவிட்டங்களும்

நான்கு சுவர்களையும் தனித்தனியே அளந்துவிட்டு, இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தே ஆக வேண்டும். பெஞ்சுகளை நகர்த்த வேண்டாம். டேப்பின் இரு நுனிகளையும் ஒரே உயரத்தில், பெஞ்சுகளுக்கு மேலே, தொய்யாமல் இழுத்துப் பிடித்தால் போதும்.

அறை 7.50 மீ × 6.00 மீ என்று வைத்துக்கொள்வோம். செவ்வகமாக இருந்தால் பித்தாகரஸ் தேற்றப்படி இரு மூலைவிட்டங்களும் சுமார் 9.60 மீ வரும். ஒன்று 9.55, மற்றது 9.66 என்று வந்தால் மறுபடி அளங்கள். மறுபடியும் அதே அளவு வந்தால் அறையே கோணல்.

அளந்ததை வேறொரு வழியில் சோதிப்பது நில அளவையின் பழைய வழக்கம். 1802-ல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து முக்கோண அளவையைத் தொடங்கிய லாம்டன், பெங்களூரு அருகே இன்னொரு அடிக்கோட்டை நேரடியாக அளந்து தன் கணக்கைச் சரிபார்த்தார்.

4. கதவும் ஜன்னலும்

மூலையில் டேப்பைப் பிடித்து, சுவரின் மறுமுனை வரை ஒரே இழுப்பில் படியுங்கள். உதாரணமாக, கதவு 0.60–1.60, முதல் ஜன்னல் 2.40–3.60, இரண்டாம் ஜன்னல் 5.10–6.30, சுவர் முடிவு 7.50. துண்டு துண்டாக அளந்தால் இந்தச் சுவரில் ஏழு துண்டுகள் வரும். ஒவ்வொன்றிலும் 1 செ.மீ. கூடினால் கடைசியில் 7 செ.மீ. பிசகிவிடும்.

5. அளவை

1:50 என்றால் இந்த அறை தாளில் 15 செ.மீ. × 12 செ.மீ. ஆகும், ஏ4 தாளில் அடங்கும். 1:25 அடங்காது, 1:100-ல் பெஞ்சுகள் பொடியாகிவிடும். 1:50-க்குக் கணக்கும் சுலபம். மீட்டரில் உள்ள எண்ணை இரட்டித்தால் தாளில் வரைய வேண்டிய செ.மீ. கிடைக்கும். 2.40 மீ என்பது 4.8 செ.மீ.

6. வரைதல்

அறை செவ்வகம் என்றால் மூலைமட்டம் போதும். கோணல் என்றால் அஆ சுவரை வரைந்து, அ-விலிருந்து மூலைவிட்ட நீளத்திலும் ஆ-விலிருந்து சுவர் நீளத்திலும் வில் வரையுங்கள். வெட்டும் இடம் இ. இதேபோல் ஈ-யையும் குறியுங்கள். 19 செ.மீ. அளவுக்குக் கவராயம் விரியாது. ஓர் அட்டைத் துண்டில் அந்த இடைவெளியில் இரு துளையிட்டு, ஒன்றில் குண்டூசியும் மற்றதில் பென்சில் நுனியும் வைத்துச் சுழற்றலாம்.

கதவு திறக்கும் பக்கத்தைக் கால்வட்டத்தால் காட்டுங்கள். பெஞ்சுகளை அளவுப்படி அட்டையில் வெட்டிக்கொண்டால் இடம் மாற்றியும் பார்க்கலாம்.

7. திசையும் அளவைக் கோடும்

போனில் உள்ள திசைகாட்டி இரும்பு பெஞ்சுக்கும் ஜன்னல் கம்பிக்கும் அருகே தடுமாறும். முற்றத்தில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டு, நிழலின் நுனியைக் குறியுங்கள். அரைமணி கழித்து மறுபடி குறியுங்கள். முதல் புள்ளி ஏறக்குறைய மேற்கு, இரண்டாவது கிழக்கு.

“1:50” என்று எழுதுவதோடு, 2 செ.மீ. கோடு வரைந்து “1 மீட்டர்” என்றும் குறியுங்கள். படத்தைச் சிறிதாக்கி ஜெராக்ஸ் எடுத்தால் 1:50 பொய்யாகிவிடும். கோடு படத்தோடு சேர்ந்து சுருங்குவதால் அப்போதும் பயன்படும்.

8. சோதனை

படத்தை வேறு குழுவிடம் கொடுங்கள். அலமாரிக்கும் எதிர் ஜன்னலுக்கும் உள்ள தூரத்தை அவர்கள் முதலில் படத்தில் கண்டுபிடித்து, பிறகு அறையில் அளக்கட்டும். அரை மில்லிமீட்டர் பென்சில் கோடே தரையில் 2.5 செ.மீ. ஆகிறது, அதனால் இரண்டு மூன்று செ.மீ. வித்தியாசத்தை விட்டுவிடலாம். பத்து செ.மீ. என்றால் கச்சாப்படத்தை எடுத்து, எந்தச் சுவரில் பிசகியது என்று பார்த்து அதை மட்டும் மீண்டும் அளங்கள்.