ஐப்பசிக்கு முன் பொதுவீட்டை ஒழுங்கு செய்தல்

புரட்டாசி பிறந்துவிட்டது. வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரையில் நீடித்து, தமிழ்நாட்டிற்கு ஓராண்டில் கிடைக்கும் மழையில் ஏறத்தாழப் பாதியைக் கொட்டித் தீர்ப்பது வழக்கமாதலால், அதற்கு முன் எஞ்சியுள்ள இச்சில வாரங்களின் வெயிலை வீணாக்காமல், தானியம், துணி, காகிதம், பாத்திரம் ஆகிய யாவற்றையும் உலர்த்தி உரிய இடத்தில் சேர்த்துக்கொள்ளுதல் குடித்தனக்காரர் ஒவ்வொருவருடைய கடமையாகும். அண்ணன் தம்பியர் சேர்ந்து வாழும் கூட்டுக் குடும்பங்களிலும், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் போன்ற பழைய பேட்டைகளில் முற்றத்தையும் கிணற்றடியையும் மொட்டை மாடியையும் பலர் பொதுவில் அனுபவிக்கும் ஒண்டுக் குடித்தனங்களிலும் இக்கடமை இன்னும் அவசரமானது. ஒருவர் அரிசியில் பிறந்த வண்டு அடுத்தவர் கோதுமைக்குப் போவதற்கு இடைச்சுவர் ஒரு தடையாவதில்லை.

முதற்காரியம் இடம் வகுத்தல். புதிய டப்பாக்களும் அலமாரிகளும் வாங்கினால் வீடு தானே ஒழுங்குபட்டுவிடும் என்று பலர் எண்ணுகின்றனர்; எங்கள் அபிப்பிராயம் வேறு. பொதுவீட்டில் அலங்கோலத்துக்குக் காரணம் பாத்திரம் போதாமை அல்ல, எந்த மூலை யாருடைய பொறுப்பு என்று எவரும் சொல்லி வைக்காமையே. மாடிப்படித் திருப்பத்தில் கிடக்கும் ஓட்டை வாளியையும், கிணற்றடியில் அடுக்கிய காலி எண்ணெய்த் தகரங்களையும், பரணில் யாரோ எப்போதோ ஏற்றிவிட்டுப்போன சாக்கு மூட்டையையும் ஒவ்வொருவரும் மற்றவருடைய உடைமை என்று கருதி விலகிப் போவதால், அவை ஆண்டுக்கணக்கில் கரப்பானுக்கும் எலிக்கும் வாசஸ்தலமாகின்றன. நவராத்திரி இம்மாதத்தையொட்டி வருவது பெரிய சௌகரியம். கொலுப் படிக்காக டிரங்குப் பெட்டிகளை இறக்குவதும், ஆயுத பூஜைக்காக வீட்டை ஒட்டடை அடித்துக் கழுவுவதும் எப்படியும் நடக்கப்போகின்றன; அதே தினத்தில் பரணை முழுவதும் காலிசெய்து, உரியவர் இல்லாத பொருள்களைப் பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டு, எஞ்சிய பெட்டிகளின்மேல் குடும்பப் பெயரையும் உள்ளிருக்கும் பண்டத்தையும் சாக்பீஸால் எழுதி மீண்டும் ஏற்றினால், ஒரே உழைப்பில் இரண்டு காரியம் கைகூடும்.

இனித் தானியம். மற்றெதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடலாகாது. அரிசியை முறத்தில் பரப்பிக் காலை வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். மணியில் ஊசித் துளை போன்ற ஓட்டையோ, முறத்தின் அடியில் மெல்லிய மாவோ தென்பட்டால் வண்டு குடியேறிவிட்டதென்று பொருள். தாய் வண்டு மணியைத் துளைத்து, அதற்குள் முட்டையிட்டு, துளையையும் அடைத்துவிடுவதால், இன்று சுத்தமாகத் தோன்றும் அரிசியிலிருந்தும் ஒரு மாதத்துக்குப்பின் வண்டுகள் புறப்படக்கூடும். ஆகையால் பழைய அரிசியின்மீது புது அரிசியைக் கொட்டும் வழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும். பானையையோ தகர டின்னையோ ஒட்டக் காலிசெய்து, மூலைகளைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, ஒரு முழுப்பகல் வெயிலில் கவிழ்த்து வைத்த பின்னரே புது அரிசி உள்ளே போகலாம்.

உலர்த்துவதிலும் விவேகம் வேண்டும். தீட்டிய அரிசியைச் சுள்ளென்ற வெயிலில் பரப்பினால் மணி வெடித்து நொய்யாகிவிடுமாதலால், அதை நிழலில், காற்றோட்டமான கூடத்தில், வேட்டியின்மேல் பரப்புவதே முறை. உளுந்து, பயறு, கொண்டைக்கடலை முதலிய முழுப் பருப்பு வகைகளுக்கோ நல்ல வெயிலே மருந்து. உடைத்த பருப்பைவிட முழுப் பயற்றையே பயற்றுவண்டு நாடுமாதலால், முழுப் பயற்றைக் கொஞ்சமாக வாங்குவதும், வாங்கியதை உலர்த்தி ஆறவைத்து, கிலோவுக்குச் சிறு கரண்டி விளக்கெண்ணெய் விட்டுக் கையால் பிசறி வைப்பதும் நலம். எண்ணெய்ப் பூச்சுள்ள மணிமேல் முட்டை எளிதில் நிலைப்பதில்லை. வேப்பிலை போடுவோர் அதைச் சருகாகக் காயவைத்துப் போடவேண்டும். பச்சை இலை ஈரத்தைக் கொடுத்துப் பூஞ்சணத்தை வரவழைக்கும். துளையிட்ட குழாய் வடிவில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் வகுத்தளித்த பூச்சிப் பொறியைத் தானியத்துள் செருகி வைத்தால், காற்றைத் தேடி அலையும் வண்டு தானே அதற்குள் வந்து விழும். மருந்தும் விஷமும் வேண்டாத இக்கருவியை வீட்டுக்கு ஒன்றாகப் பொதுச்செலவில் வாங்கி முறைவைத்துப் பயன்படுத்தலாம். எல்லாக் குடும்பத்தாரும் ஒரே நாளில் பாத்திரங்களைச் சோதிப்பது முக்கியம். ஒருவர் மட்டும் செய்த சுத்தம் பொதுவீட்டில் ஒரு மாதம் தாங்காது.

இங்கே ஓர் எச்சரிக்கையை மிகுந்த கவலையோடு விடுக்கின்றோம். பெரிய கிடங்குகளில் மூட்டைகளுக்கு இடையே வைக்கப்படும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வாங்கிவந்து வீட்டுத் தானியத்தில் போடுவோர் உண்டு. ஈரக்காற்று பட்டதும் அதிலிருந்து எழும் நச்சுவாயு, கதவிடுக்கின் வழியாகவும் சுவர்ப் பிளவின் வழியாகவும் அடுத்த அறைக்குச் சென்று, உறங்குவோரின் உயிரைக் குடிக்க வல்லது. குடியிருக்கும் வீட்டில் அதற்கு எந்த முகாந்தரமும் இல்லை. துணிப் பெட்டியில் போடும் பாச்சை உருண்டையும் கைக்குழந்தையுள்ள வீட்டில் ஆகாது. அதன் ஆவி சில குழந்தைகளின் இரத்த அணுக்களைச் சிதைத்து மஞ்சள் காமாலையை உண்டாக்கும். பட்டையும் கம்பளியையும் வெயில் காட்டி ஆறவைத்து, பழைய மல் வேட்டியில் சுற்றி, இடையிடையே காய்ந்த நொச்சியிலையும் துணியில் முடிந்த வசம்பும் வைத்தல் போதுமானது.

புளியைக் கொட்டையும் கோதும் நீக்கி, கல்லுப்புத் தூவி, பீங்கான் ஜாடியிலோ மண்பானையிலோ அடைக்கவேண்டும். பித்தளையும் செம்பும் புளிக்கு ஆகா. எல்லாப் பாத்திரங்களும் தரையில் படாமல் பலகையின்மீதும், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளியும் இருக்கட்டும். மழைக்காலத்தில் தரையும் சுவரும் ஈரம் கக்கும்.

பிளாஸ்டிக்கைப்பற்றி ஒரு வார்த்தை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பொருள்களுக்கு அரசினர் 2019 ஜனவரி 1 முதல் தடை விதித்ததும், 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியதும் யாவரும் அறிந்தவையே. அதற்காக வீட்டில் ஏற்கெனவே உள்ள கெட்டியான டப்பாக்களைக் குப்பையில் வீசுவது சுற்றுச்சூழலுக்குச் செய்யும் உபகாரமாகாது. உடையும்வரை அவற்றைப் பயன்படுத்துங்கள். புதிதாக மட்டும் வாங்காதீர்கள். வாசற்கதவின் பின்புறம் ஓர் ஆணியடித்து, கடைக்குச் செல்வோர் யாராயினும் எடுத்துப் போகும்படி நாலைந்து துணிப்பைகளைப் பொதுவில் மாட்டி வைத்தால், கவர்கள் வீட்டுக்குள் வருவதே பெரிதும் குறையும்.

சேமித்த நீரும் சேமிப்புப் பண்டமே. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, வீட்டுத் தொட்டியின் நல்ல நீரிலேயே, நீர்மட்டத்தை ஒட்டிய சுவரில் முட்டையிடும். அம்முட்டை நீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, மறுபடி நீர் ஏறியதும் பொரியும். முட்டை கொசுவாவதற்குப் பத்து நாளே அதிகமாதலால், வாரத்துக்கு ஒரு நாள் தொட்டியைக் காலிசெய்து சுவரை நாரால் அழுத்தித் தேய்த்தல் இன்றியமையாதது. நீரை மட்டும் மாற்றினால் பயனில்லை. மொட்டை மாடியிலுள்ள கொட்டாங்கச்சி, பழைய டயர், உடைந்த தொட்டி ஆகியவற்றை இந்த வாரமே அகற்றுங்கள்; மழைநீர்க் குழாயின் வாயில் அடைத்த சருகையும் கூடவே வாருங்கள்.

கடைசியாக, காகிதங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும், சென்னையில் கீழ்த்தளத்துக் குடித்தனங்கள் முழங்காலளவு நீரில் இழந்தவற்றுள் மிகவும் துயரம் தந்தவை குடும்ப அட்டை, பள்ளிச் சான்றிதழ், வீட்டுப் பத்திரம் முதலியனவே. கீழ்வீட்டார் இவற்றை ஒரு தகரப் பெட்டியிலிட்டுப் பூட்டி, சாவியைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, பெட்டியை மாடிவீட்டார் பொறுப்பில் மார்கழி முடியும்வரை ஒப்படைப்பது சிறந்த ஏற்பாடு. மாடிவீட்டார் இதைத் தொந்தரவென்று எண்ணாமல், கேட்கும்முன்னரே தாமாக முன்வந்து இடம் கொடுக்கவேண்டுமென்று வேண்டிக்கொள்கிறோம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாக் குடும்பத்தாரும் முற்றத்தில் கூடி, எந்த வேலை யாருடையது என்று தீர்மானித்து, அன்றைக்கே பரணில் ஏறிவிடுங்கள்.