மின்வண்டி ஏன் நின்றது?

குழிப்பந்துத் திடல்களில் ஆட்டக்காரர்களையும் அவர்களுடைய மட்டைப் பைகளையும் சுமந்து செல்லும் சிறிய மின்வண்டியைப் பலரும் பார்த்திருப்பர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பேச்சு வழக்கில் இதைப் ‘பக்கி’ என்பர். உல்லாசத் தங்குவிடுதிகளிலும் பெரிய பூங்காக்களிலும் முதியோரையும் நடக்க இயலாதோரையும் ஏற்றிச் செல்லவும் இது பயன்படுகிறது. இதற்குப் பெட்ரோல் தேவையில்லை. இது புகை கக்குவதில்லை. இதன் இரைச்சலும் குறைவு.

இத்தகைய வண்டி ஒருநாள் திடீரென நகர மறுக்கலாம். அல்லது, சமதரையில் நன்றாக ஓடிவிட்டு மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கலாம். உடனே பலர், “மின்கலங்கள் கெட்டுவிட்டன. எல்லாவற்றையும் மாற்றிவிடலாம்” என்ற முடிவுக்கு வந்துவிடுவர். ஒரு வண்டியின் மின்கலங்கள் அனைத்தையும் மாற்றுவது பெருஞ்செலவு. பழுது வேறோர் இடத்தில் இருந்தால் பணமும் போகும், பழுதும் தீராது. ஆகவே, எதையும் கழற்றுவதற்கு முன் பழுது எங்கே இருக்கிறது என்று முறையாகத் தேட வேண்டும்.

மின்சாரம் செல்லும் பாதை

பழுதைத் தேட வேண்டுமானால், வண்டி எவ்வாறு ஓடுகிறது என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். பல மின்வண்டிகள் 48 வோல்ட் மின்னழுத்தத்தில் இயங்குகின்றன. இருக்கைக்கு அடியில் ஆறு ஈய-அமில மின்கலங்கள் இருக்கும். ஒவ்வொன்றும் 8 வோல்ட் தரும். அவை தொடர் இணைப்பில் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருப்பதால், 6 × 8 = 48 வோல்ட் கிடைக்கிறது. 36 வோல்ட்டில் இயங்கும் வண்டிகளும் உண்டு. அவற்றில் 6 வோல்ட் மின்கலங்கள் ஆறு இருக்கும்.

ஓட்டுநர் மிதியை அழுத்தியதும் ‘சோலனாய்டு’ எனப்படும் மின்காந்த இணைப்பி ‘டக்’ என்ற ஒலியுடன் மூடிக்கொள்கிறது. உடனே மின்கலங்களிலிருந்து மின்சாரம் கட்டுப்பாட்டுக் கருவிக்குச் செல்கிறது. மிதி எவ்வளவு அழுத்தப்பட்டிருக்கிறதோ, அதற்கேற்ற அளவு மின்சாரத்தை அக்கருவி மோட்டாருக்கு அனுப்புகிறது. மோட்டார் சுழல, சக்கரங்கள் உருள்கின்றன.

இந்தப் பாதை ஒரு சங்கிலியைப் போன்றது. அதில் ஒரு கண்ணி அறுந்தால் வண்டி நின்றுவிடும். ஒரு கண்ணி நலிந்தால் வண்டி முழுவதும் நலிந்துவிடும்.

முதலில் பாதுகாப்பு

மின்கலத்திற்குள் கந்தக அமிலம் இருக்கிறது. மின்னேற்றம் செய்யும்போது ஹைட்ரஜன் வாயு வெளியாகிறது. அது எளிதில் தீப்பற்றி வெடிக்கக்கூடியது. ஆகவே, காற்றோட்டமுள்ள இடத்திலேயே வேலை செய்ய வேண்டும். அருகில் தீப்பொறியோ சிகரெட்டோ இருத்தல் கூடாது. கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிவது கட்டாயம். மோதிரம், கைக்கடிகாரம், உலோக வளையல் ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். ஒரு ஸ்பேனர் தவறி இரண்டு முனைகளின்மீது ஒரே நேரத்தில் விழுந்தாலும் பெரிய தீப்பொறி எழும். அதனால் ஸ்பேனரின் கைப்பிடியில் மின்கடத்தா நாடாவைச் சுற்றிக்கொள்வர். வண்டியில் ‘ஓட்டம்’, ‘இழுவை’ என்னும் இரு நிலைகளைக் கொண்ட பொத்தான் இருந்தால், கம்பிவடங்களைத் தொடுவதற்கு முன் அதை ‘இழுவை’ நிலைக்கு மாற்ற வேண்டும். மாணவர்கள் இவ்வேலையைப் பயிற்சி பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் மட்டுமே செய்யலாம்.

கேட்டறிதலும் பார்த்தறிதலும்

நல்ல மருத்துவர் நோயாளியைத் தொடுவதற்கு முன் அவரிடம் சில கேள்விகள் கேட்பார். பழுதுபார்ப்பவரும் அவ்வாறே ஓட்டுநரிடம் கேட்க வேண்டும். வண்டி திடீரென நின்றதா, நாளுக்கு நாள் வேகம் குறைந்ததா? எல்லா இடங்களிலும் சிக்கலா, மேட்டில் மட்டுமா? நேற்றிரவு மின்னேற்றம் செய்யப்பட்டதா? திடீரென நின்ற வண்டியில் ஏதோ ஓர் இணைப்பு அறுந்திருக்கக்கூடும். மெல்ல மெல்லச் சோர்ந்த வண்டியில் மின்கலமோ இணைப்போ நலிந்திருக்கக்கூடும்.

அடுத்து, செலவில்லாத சோதனைகளைச் செய்ய வேண்டும். மின்னேற்றியின் கம்பி இன்னும் செருகப்பட்டிருந்தால் பல வண்டிகள் நகரா. முன்னோக்கு, பின்னோக்குப் பொத்தான் இரண்டிற்கும் நடுவில் நின்றிருந்தாலும் வண்டி அசையாது. வண்டியை ‘இழுவை’ நிலையில் வைத்துச் சமதரையில் கையால் தள்ளிப் பார்க்கலாம். எளிதில் உருளவில்லை என்றால், நிறுத்தி சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். சக்கரத்தில் காற்றும் குறைந்திருக்கலாம். இவற்றுக்கும் மின்கலத்துக்கும் தொடர்பே இல்லை.

மின்கலத்தைச் சோதித்தல்

மேற்கூறியவற்றில் குறை இல்லை என்றால், இருக்கையைத் தூக்கி மின்கலங்களைப் பார்க்க வேண்டும். முனைகளில் வெள்ளை அல்லது பச்சை நிறத்தில் பொடி படிந்திருந்தால், அது அரிப்பின் அடையாளம். கம்பிவடம் உருகியோ முனை தளர்ந்தோ இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மூடியைத் திறந்தால் உள்ளே இருக்கும் ஈயத் தகடுகள் நீரில் மூழ்கியிருக்க வேண்டும்.

பிறகு மல்டிமீட்டரால் மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். இங்கே பலர் ஏமாந்துவிடுகின்றனர். 48 வோல்ட் வண்டியில் மீட்டர் 48 என்று காட்டினால், மின்கலங்கள் நிறைந்திருப்பதாக எண்ணிக்கொள்கின்றனர். உண்மையில், முழுமையாக மின்னேற்றம் பெற்றுச் சில மணி நேரம் ஓய்வில் இருந்த மின்கலத் தொகுதி ஏறத்தாழ 50.9 வோல்ட் காட்டும். 48 வோல்ட் என்றால், அதன் மின்சாரத்தில் பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது என்று பொருள்.

ஓய்வில் அளந்தால் போதுமா?

ஒரு குழிப்பந்துத் திடலின் பணிமனையில் இப்படியொரு சூழல் எழுவதாக வைத்துக்கொள்ளலாம். மேட்டில் ஏற முடியாத வண்டி ஒன்று வந்திருக்கிறது. தொழிற்கல்லூரியிலிருந்து பயிற்சிக்கு வந்த இளைஞன் அதைச் சோதிக்கிறான்.

“அண்ணே, மீட்டர் 50.8 காட்டுகிறது. மின்கலங்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. அப்படியானால் மோட்டார்தான் போய்விட்டது போலும்” என்கிறான் அவன்.

“அவசரப்படாதே, தம்பி. நின்றுகொண்டிருக்கும் வண்டியை அளந்தாய். மேட்டில் ஏறும் வண்டியை அளந்தாயா?” என்று கேட்கிறார் மூத்த தொழில்நுட்பர்.

கவ்விகளால் மீட்டரைப் பொருத்துகிறார்கள். அவர் மெதுவாக வண்டியை மேட்டில் ஓட்ட, இளைஞன் அருகில் அமர்ந்து மீட்டரைப் படிக்கிறான். எண் 41.8 வோல்ட்டுக்கு இறங்கிவிடுகிறது. மீண்டும் மீண்டும் ஓட்டி, ஆறு மின்கலங்களையும் தனித்தனியே அளக்கிறார்கள். ஒவ்வொன்றும் 7.8 வோல்ட் தருகிறது.

“ஆறையும் கூட்டிப் பார்” என்கிறார் அவர்.

“46.8 வோல்ட் வருகிறது, அண்ணே. ஆனால், மொத்தமாக அளந்தபோது 41.8 தானே வந்தது? மீதி 5 வோல்ட் எங்கே போயிற்று?”

“அதுதான் சரியான கேள்வி. மின்கலங்களை அளந்துவிட்டாய். இனி, அவற்றுக்கு இடையில் உள்ள இணைப்புகளை அளந்து பார்.”

மூன்றாம் மின்கலத்தையும் நான்காம் மின்கலத்தையும் இணைக்கும் கம்பிவடத்தில் அந்த 5 வோல்ட் அகப்படுகிறது. அதன் முனையில் பச்சைப் பொடி படிந்திருக்கிறது. திருகும் சற்றே தளர்ந்திருக்கிறது.

இதன் காரணத்தை ஓம் விதி விளக்குகிறது. மின்னழுத்த இழப்பு என்பது மின்னோட்டத்தையும் மின்தடையையும் பெருக்கினால் வருவது. அரித்த இணைப்பின் மின்தடை 0.05 ஓம் மட்டுமே எனக் கொள்வோம். வண்டி நிற்கும்போது மின்னோட்டம் இல்லை. ஆகவே இழப்பும் இல்லை. மீட்டர் நல்ல எண்ணைக் காட்டும். மேட்டில் ஏறும்போது 100 ஆம்பியர் மின்னோட்டம் பாய்ந்தால், 100 × 0.05 = 5 வோல்ட் அந்த ஓர் இடத்திலேயே தொலைந்துவிடும். அத்துடன், 5 × 100 = 500 வாட் அளவில் அங்கே வெப்பம் உண்டாகும். கம்பிவடத்தின் உறை உருகுவது இதனால்தான். அமைதியாக இருக்கும்போது மறைந்திருக்கும் குறை, சுமை ஏறும்போதுதான் வெளிப்படுகிறது.

சோதனையின் முடிவு வேறாகவும் இருக்கலாம். ஐந்து மின்கலங்கள் 7.8 வோல்ட் காட்ட, ஒன்று மட்டும் 5 வோல்ட்டுக்கு இறங்கினால், பழுது அந்த மின்கலத்தில்தான் இருக்கிறது. தொடர் இணைப்பில் நலிந்த ஒன்று மற்ற ஐந்தையும் பின்னுக்கு இழுக்கும்.

‘டக்’ ஒலி சொல்லும் செய்தி

வண்டி சிறிதும் நகரவில்லை என்றால், காதுக்கும் வேலை உண்டு. மிதியை அழுத்தும்போது பெரும்பாலான வண்டிகளில் சோலனாய்டின் ஒலி கேட்கும். ஒலியே இல்லை என்றால், சாவிப் பொத்தான், மிதியின் கீழுள்ள சிறு பொத்தான், அவற்றின் கம்பிகள், சோலனாய்டின் சுருள் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். ஒலி கேட்டும் வண்டி நகரவில்லை என்றால், சோலனாய்டின் இரு பெரிய முனைகளுக்கு இடையே மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். மிதியை அழுத்தியபோது அது ஏறத்தாழச் சுழியமாக இருக்க வேண்டும். அங்கே முழு 48 வோல்ட்டும் நின்றால், உள்ளே இருக்கும் தொடுமுனைகள் கருகி, மின்சாரம் கடக்க முடியாமல் இருக்கிறது என்று பொருள். சோலனாய்டு நன்றாக இருந்தால் மட்டுமே கட்டுப்பாட்டுக் கருவியையும் மோட்டாரையும் ஐயுற வேண்டும். விலை குறைந்ததை முதலில் சோதித்து, விலை உயர்ந்ததை இறுதியில் சோதிப்பதே சிக்கனமான வழி.

நோயின் மூலம்

பணிமனையில் இளைஞன் அந்த முனையை ஆப்பச்சோடா கரைத்த நீரால் கழுவி, துலக்கி, உலர்த்தி, திருகை இறுக்குகிறான். வண்டி மேட்டில் ஏறிவிடுகிறது. வேலை முடிந்ததாக அவன் நினைக்கிறான். மூத்தவரோ, “அந்த ஒரு முனை மட்டும் ஏன் அரித்தது?” என்று கேட்கிறார்.

மின்கலத்தில் மின்னேற்றத்துக்கு முன்பே நீரை விளிம்புவரை ஊற்றியதுதான் காரணம். மின்னேற்றத்தின்போது உள்ளிருக்கும் நீர்மம் விரிந்து, குமிழியிட்டு, அமிலத்தோடு வெளியே வழிந்திருக்கிறது. தகடுகள் வெளியே தெரிந்தால், அவை மூழ்கும் அளவுக்கு மட்டும் முன்னதாக நீர் விட வேண்டும். மற்றபடி, மின்னேற்றம் முடிந்த பிறகே உரிய அளவுக்கு நிரப்ப வேண்டும். அதுவும் காய்ச்சி வடித்த நீராக இருத்தல் வேண்டும். இப்பழக்கம் மாறாவிட்டால், எத்தனை முறை கழுவினாலும் அரிப்பு திரும்ப வரும்.

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில், நோய் இன்னதென்று அறிந்து, அது வந்த காரணத்தையும் அறிந்து, தணிக்கும் வழியையும் அறிந்த பின்னரே மருத்துவம் செய்ய வேண்டும் என்கிறார் திருவள்ளுவர். உடலுக்குச் சொன்ன அந்த ஒழுங்கு இயந்திரத்துக்கும் பொருந்துகிறது. மேட்டில் ஏறாதது நோய். அரித்த முனை அதன் காரணம். தவறாக நீர் ஊற்றும் பழக்கம் அந்தக் காரணத்துக்கும் காரணம்.

அன்று மாலை இளைஞன் பணிமனைக் குறிப்பேட்டில் வண்டியின் எண்ணையும், அளந்த எண்களையும், கண்ட பழுதையும், அதன் மூலத்தையும் எழுதி வைக்கிறான். மின்கலம் ஒன்றுகூட வாங்க வேண்டியிருக்கவில்லை. நாளை அதே பழுது வேறொரு வண்டியில் தோன்றினால், அந்தப் பக்கத்தைப் புரட்டுபவர் பாதி வழியைக் கடந்துவிட்டிருப்பார்.

கருத்துணர் கேள்விகள்

1. மின்வண்டியில் மின்சாரம் செல்லும் பாதை ஏன் சங்கிலியோடு ஒப்பிடப்பட்டுள்ளது?
2. நிற்கும் வண்டியில் 50.8 வோல்ட் காட்டிய மீட்டர், மேட்டில் 41.8 வோல்ட் காட்டியதற்குரிய காரணத்தை விளக்குக.
3. ஓர் இணைப்பின் மின்தடை 0.02 ஓம், மின்னோட்டம் 150 ஆம்பியர். அங்கு எத்தனை வோல்ட் இழப்பு ஏற்படும்?
4. முனையைக் கழுவியதோடு வேலை முடியவில்லை என்று மூத்த தொழில்நுட்பர் கருதியது சரியா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.