ஒரே செயலியில் கடை விரிக்காதீர்கள்

மங்கலம்பேட்டையிலிருந்து முந்திரியோ முறுக்கோ போன் வழியே விற்க நினைக்கிறீர்களா? வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம். படம், எடை, விலையைக் கேட்டலாக்கில் ஏற்றிவிட்டால், "என்ன விலை?" என்று கேட்பவர்களுக்கெல்லாம் தனித்தனியாகப் பதில் தட்ட வேண்டியதில்லை. ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்பும் பிராட்காஸ்ட் செய்தி, உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே போகும்; ஆகவே பொட்டலத்தின் மேலேயே எண்ணைப் பெரிதாக அச்சிட்டு, சேமித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஆனால் ஒரே செயலியை நம்பியிருக்காதீர்கள். 2020 ஜூன் 29 அன்று இந்தியாவில் டிக்டாக் என்ற குறும் வீடியோ செயலிக்குத் தடை வந்தது. அதை மட்டுமே நம்பியிருந்தவர்கள், சேர்த்துவைத்த ஆட்களை அப்படியே இழந்தார்கள், பாவம். அந்த இடத்தைப் பிடிக்க ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ், செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் என்று போட்டிபோட்டு வந்தன. இந்தப் போட்டி நமக்கு லாபம்தான். ஒரே வீடியோவை இரண்டிலும் போடுங்கள். ஒன்றின் முத்திரை விழுந்த வீடியோவை மற்றதில் ஏற்றாதீர்கள், பரிந்துரை குறையும். வாங்கியவர்களின் எண்களை, அவர்களைக் கேட்டுக்கொண்டு, ஒரு நோட்டிலும் எழுதி வையுங்கள்.