பணத்தை எண்ணலாம், ‘மணி’யை எண்ணலாகாது

கல்விக்கடன் தவணைக்கு அவகாசம் கோரி, வாடிக்கையாளர் ஒருவர் எங்கள் கிளைக்கு ஆங்கிலத்தில் மடல் எழுதியிருந்தார். ‘ஐ ஹேவ் லிட்டில் மணி நௌ’ என்பது அதில் ஒரு வரி. அவரிடம் பணமே இல்லை என்று நாங்கள் பொருள் கொண்டோம். நேரில் வினவியபோதுதான், தவணையில் ஒரு பகுதியை அன்றே செலுத்த அவர் ஆயத்தமாக இருந்தது தெரிந்தது. அவர் எழுத நினைத்தது ‘எ லிட்டில் மணி’. விடுபட்டது ‘எ’ என்னும் ஓரெழுத்து. மாறியதோ முழுப் பொருள்.

ஆங்கிலத்தில் அளவைக் குறிக்கும் சொற்கள், பெயர்ச்சொல் எண்ணத்தக்கதா அன்றா என்பதற்கேற்ப மாறும். இதற்குத் தமிழே நமக்கு வழிகாட்டும். ‘எத்தனை’ எனக் கேட்கத் தகுந்தவற்றுக்கு ‘மெனி’, ‘ஃபியூ’. ‘எவ்வளவு’ எனக் கேட்கத் தகுந்தவற்றுக்கு ‘மச்’, ‘லிட்டில்’. எத்தனை ரூபாய்? ‘ஹவ் மெனி ருப்பீஸ்?’ எவ்வளவு பணம்? ‘ஹவ் மச் மணி?’

காசாளர் நாள்தோறும் எண்ணுவது பணத்தை அன்றோ என வாசகர் வினவலாம். அவர் எண்ணுவன நோட்டுகளும் நாணயங்களுமே. ‘மணி’ என்னும் சொல்லை ஆங்கில இலக்கணம் எண்ணப்படாத பெயராகவே கொள்கிறது.

இவ்வழிகாட்டி பொருந்தாத இடங்களும் உண்டு. தமிழில் தகவல்கள், ஆலோசனைகள் என்று பன்மையில் எழுதுகிறோம். ஆங்கிலத்தில் ‘இன்ஃபர்மேஷன்’, ‘அட்வைஸ்’ ஆகியவை எண்ணப்படா. அவற்றின் ஈற்றில் ‘எஸ்’ சேர்த்தல் பிழை. இவற்றை மட்டும் மனத்தில் இருத்துதல் நலம்.

நான்கு சொற்களின் பொருள் வேறுபாடு வருமாறு:

ஃபியூ – எண்ணத்தக்கவை, ஏறத்தாழ இல்லை.
எ ஃபியூ – எண்ணத்தக்கவை, சில உள்ளன.
லிட்டில் – எண்ணப்படாதவை, ஏறத்தாழ இல்லை.
எ லிட்டில் – எண்ணப்படாதவை, சிறிதளவு உண்டு.

‘சம்’, ‘எ லாட் ஆஃப்’ ஆகியவை இருவகைக்கும் பொருந்தும்.

பயிற்சி: கோடிட்ட இடங்களை நிரப்புக.

1. ஹவ் ____ இன்ஸ்டால்மென்ட்ஸ் ஆர் டியூ?
2. ஐ நீட் ____ இன்ஃபர்மேஷன். (சிறிதளவு வேண்டும்)
3. ஐ ஹேவ் ____ டாக்குமென்ட்ஸ் வித் மீ. (சில உள்ளன)

விடைகள்: 1. மெனி, 2. எ லிட்டில், 3. எ ஃபியூ.

நிறைவாக ஒன்று. வங்கிக்கு எழுதும் மடலில் ஐயம் எழுமாயின், செலுத்தக்கூடிய தொகையை இலக்கத்திலேயே குறிப்பிடுங்கள். ‘ஐ கேன் பே 2,000 ருப்பீஸ் டுடே’ என்னும் வரியைத் தவறாகப் பொருள்கொள்ள எவராலும் இயலாது.