பாலும் பால்நிலையும்: ஓர் அறிமுகப் பாடம்



இடம்பெயர்ந்தவர்களுக்கு வரும் படிவங்களில் முதல் வரிகளிலேயே கேட்கப்படுவது ‘குடும்பத் தலைவர் பெயர்’. பெரும்பாலும் யோசிக்காமலே ஆணின் பெயரை எழுதிவிடுகிறோம். ஏன் யோசிப்பதில்லை? இக்கேள்விக்கு உளவியல் தரும் விடையை இப்பாடத்தில் படிப்போம். வீடும் காணியும் யார் கையில் நிற்கும் என்பதும் அந்த விடையில் அடங்கியுள்ளது.

1. பால் என்றால் என்ன?

பால் என்பது உடலைச் சார்ந்தது. மனிதனின் உடற்கலங்களில் 23 சோடி நிறமூர்த்தங்கள் உண்டு. அவற்றுள் ஒரு சோடி பொதுவாகப் பெண்ணுக்கு எக்ஸ் எக்ஸ் ஆகவும், ஆணுக்கு எக்ஸ் வை ஆகவும் இருக்கும். தாயிடமிருந்து வருவது எக்ஸ் மட்டுமே. தந்தையிடமிருந்து எக்ஸ் அல்லது வை வரும். ஆகவே பெண்பிள்ளையே பெறுகிறாள் என்று மருமகளைக் குறை சொல்வதில் நியாயமில்லை. சிலருடைய உடல் பிறப்பிலேயே இந்த இரு வகைக்கும் முழுமையாகப் பொருந்துவதில்லை. அவர்களும் நம்மைப் போன்ற மனிதரே.

2. பால்நிலை என்றால் என்ன?

இன்னின்ன வேலை ஆணுக்கு, இன்னின்ன வேலை பெண்ணுக்கு, இப்படி நடந்தால் ஆண்பிள்ளை, இப்படி இருந்தால் பெண்பிள்ளை என்று சமூகம் வகுத்து வைத்திருப்பது பால்நிலை. பிள்ளை பெறுவதும் பாலூட்டுவதும் பாலைச் சார்ந்தவை. களை பிடுங்குவது பெண் வேலை, வரம்பு கட்டுவது ஆண் வேலை என்பது பால்நிலை. அமெரிக்க உளமருத்துவர் ரொபேர்ட் ஸ்டோலர் 1968இல் வெளியிட்ட நூலொன்றில் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டினார். பால்நிலை இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் மாறும்.

3. இதை எப்போது கற்கிறோம்?

தொட்டிலில் இருக்கும்போதே கற்பிக்கப்படுகிறது. 1976இல் வெளியான ஆய்வொன்றில், ஒன்பது மாதக் குழந்தை ஒன்றின் படம் பெரியவர்களுக்குக் காட்டப்பட்டது. பெட்டியிலிருந்து பொம்மை துள்ளி எழுந்ததும் குழந்தை கலங்கியது. ஆண் குழந்தை என்று சொல்லப்பட்டவர்கள் அதில் கோபத்தைக் கண்டனர். பெண் குழந்தை என்று சொல்லப்பட்டவர்களோ பயத்தைக் கண்டனர். பார்த்தது ஒரே குழந்தையைத்தான்.

ஏறக்குறைய மூன்று வயதில் பிள்ளை தன்னை ஆண் என்றோ பெண் என்றோ சொல்லத் தொடங்கும். பிறகு உம்மாவையும் வாப்பாவையும் பார்த்து, எது தனக்குரியது என்று மனதில் ஒரு சட்டகம் அமைத்துக்கொள்ளும். உளவியலாளர் சான்ட்ரா பெம் 1981இல் இதை விளக்கினார். படிவத்தில் நம் கை தானாக எழுதுவது இந்தச் சட்டகத்தினால்தான்.

4. ஆற்றலில் வேறுபாடு எவ்வளவு?

உளவியலாளர் ஜெனெட் ஹைட் 2005இல் 46 தொகுப்பாய்வுகளைச் சேர்த்து ஆராய்ந்தார். அளந்த வேறுபாடுகளில் 78 வீதம் சிறியவை, அல்லது இல்லையென்றே சொல்லத்தக்கவை. பந்தை வேகமாக எறிவது போன்ற சிலவற்றிலேயே பெரிய வேறுபாடு இருந்தது.

வழக்கமும் மனத்தை வளைக்கும். 2009இல் வெளியான ஆய்வொன்று இதற்குச் சான்று. தந்தைவழிச் சமூகமான ஆபிரிக்காவின் மசாய் மக்களிடையே ஆண்களில் 50 வீதமும் பெண்களில் 26 வீதமும் போட்டியில் இறங்கச் சம்மதித்தனர். இந்தியாவின் மேகாலயாவில் வாழும், சொத்து தாய்வழியில் செல்லும் காசி மக்களிடையே பெண்களில் 54 வீதமும் ஆண்களில் 39 வீதமும் சம்மதித்தனர். பெண் இயல்பாகவே பின்வாங்குபவள் என்று இனிச் சொல்ல முடியுமா?

5. நமது கரையில்

தாய்வழி என்பது நமக்குப் புதிதல்ல. கல்முனை, சம்மாந்துறை, மாவடிப்பள்ளி, அக்கரைப்பற்று என்று இக்கரையிலுள்ள முஸ்லிம்களிடமும் தமிழர்களிடமும் குடி தாய்வழியாகவே வருகிறது. மகளுக்கு வீடு கொடுப்பதும், மருமகன் அந்த வீட்டுக்கு வந்து வாழ்வதும் நெடுங்கால வழக்கம். வாசலில் நிற்பவர் மாப்பிள்ளை, வீடோ பெண்ணுடையது.

இவ்வழக்கிலும் பாரம் உண்டு. வீடு கட்டி முடியும்வரை மகளின் கலியாணம் தள்ளிப்போகிறது. சகோதரிகளுக்காக உழைத்தே நானாமாரின் வயது போகிறது. இடம்பெயர்ந்து வீட்டை இழந்த குடும்பத்துக்கு இப்பாரம் இரட்டிப்பு. வழக்கம் மனிதர் வகுத்தது. நல்லதை வைத்துக்கொண்டு பாரத்தைக் குறைக்கவும் மனிதரால் முடியும்.

6. படிவம் செய்யும் மாற்றம்

1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், பின்னுரித்தாளர் பெயரிடப்படாதபோது மகளுக்கு முன் மகனை வைத்தது. 2022இல் வந்த திருத்தம் அந்த முன்னுரிமையை நீக்கியது. ஆனால் பல்லாண்டுகளாகப் பல வயற்காணிகள் பழைய முறைப்படியே கைமாறின.

2004 டிசம்பர் 26இல் கடல்கோள் இக்கரையை அழித்தது. கரையோரக் குடும்பங்கள் பல உள்ளே குடியேற்றப்பட்டன. அழிந்த வீடு சீதனமாக வந்த பெண்ணின் வீடு. புதிய வீடோ பல இடங்களில் ‘குடும்பத் தலைவர்’ என்று கணவன் பெயரில் பதியப்பட்டது. எவரும் பறிக்கவில்லை, ஒரு வரி படிவம் பல தலைமுறை வழக்கத்தை மாற்றிவிட்டது. கணவன் பிரிந்தாலோ கடன்பட்டாலோ அந்தப் பெண்ணும் பிள்ளைகளும் எங்கே போவார்கள்?

7. நாம் செய்யக்கூடியவை

- இழந்த வீடும் வளவும் யார் பெயரில் இருந்தன என்பதற்கான உறுதி, வரிப்பற்றுச் சீட்டு ஆகியவற்றைத் தேடிப் பத்திரப்படுத்துங்கள்.
- படிவத்தில் ஒப்பமிடுமுன், வீடு யார் பெயரில் பதியப்படும், இருவர் பெயரையும் சேர்க்க முடியுமா என்று கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.
- அனுமதிப்பத்திரக் காணி இருந்தால், பின்னுரித்தாளராக யார் பதியப்பட்டுள்ளார் என்று பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.
- பெண்களும் கூட்டத்துக்கு வரட்டும். தம் பெயரில் தாமே பேசட்டும்.

குழுவாகக் கலந்துரையாட

1. உங்கள் வீட்டில் நேற்று யார் யார் என்னென்ன வேலை செய்தார்கள்? அவற்றுள் உடலைச் சார்ந்தவை எவை, வழக்கத்தைச் சார்ந்தவை எவை?
2. உங்கள் உம்மம்மாவின் வீடு யார் பெயரில் இருந்தது? இன்று நீங்கள் இருக்கும் வீடு யார் பெயரில் உள்ளது?
3. மகன் அழுதால் என்ன சொல்கிறோம்? மகள் அழுதால் என்ன சொல்கிறோம்?

இக்கேள்விகளை ஆண்களும் பெண்களும் முதலில் தனித்தனியாகவும், பின்னர் ஒன்றாக இருந்தும் பேசிப் பாருங்கள். விடைகள் எங்கே வேறுபடுகின்றனவோ அங்கேதான் வீட்டுக்குள் பேசவேண்டியது இருக்கிறது.