படத்தில் தெரியாத இடுப்பு வலி

"படம் எடுத்துப் பார்த்தாச்சு, எலும்பில ஒண்ணும் இல்லையாம். அப்ப எனக்கு ஏன் வலிக்குது?" கொழுந்து மலையிலும் பிள்ளை மடுவத்து வாசலிலும் நாம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இப்படிக் கேட்கும் தாய்க்கு, வலியைவிட "வேலைக் கள்ளி" என்ற பேச்சுத்தான் அதிகம் சுடுகிறது. ஆகவே இந்தப் பாடத்தில் முதலில் ஒன்றை மனதில் வைப்போம். காரணம் அகப்படவில்லை என்பதற்காக வலி பொய்யாகிவிடாது.

ஏன் தெரிவதில்லை?

எக்ஸ்ரே எலும்பைத்தான் நன்றாகக் காட்டும். தசையும் தசைநாரும் நரம்பும் அதில் சரியாகத் தெரியா. சரிவில் ஒரு காலை மேலேயும் மறு காலைக் கீழேயும் ஊன்றி, கூடை பாரத்தோடு நிற்கும்போது உழைப்பவை இவைதான். வலி மாதக்கணக்கில் நீடித்தால் நரம்புகளும் கூச்சமடைந்துவிடும். திருடன் போன பிறகும் சருகு விழுந்தாலே குரைக்கும் காவல் நாயைப் போல, சின்ன அசைவுக்கும் பெரிதாக நோகும்.

மலை ஏறுவதால் மட்டும் இது வருவதில்லை. நம் பிள்ளைகளும் படிக்கப் போகும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கும் திருநெல்வேலி சமதரையான செம்மண் பூமி. அங்கே தோட்டம் என்றால் வெங்காயமும் மரக்கறியும். குந்தியிருந்து களை பிடுங்குகிறவர்களும் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழும்புகிறார்கள்.

காரணம் தெரியப் பல வருடம் எடுத்த வலியும் உண்டு. இந்தியாவில் கர்நாடக மலைநாட்டிலே ஹந்திகோடு என்ற கிராமம். 1970களின் நடுவில் அங்குள்ள ஏழைத் தொழிலாளர் குடும்பங்களில் பலருக்கு இடுப்பு மூட்டு நொந்து நடை கோணியது. வயல் நண்டைத் தின்றதாலா, பூச்சிமருந்தாலா என்று சந்தேகப்பட்டார்கள். குடும்ப வழியாக வரும் நோய் என்பது பின்னர்தான் தெரிந்தது. நம் வலி அந்த நோய் அல்ல. ஆனால் காரணம் தெரியாத அந்த வருடங்களிலும் அவர்கள் வலி மெய்தானே?

விரலால் தொட்டுக் காட்டுங்கள்

வைத்தியரிடம் "இடுப்பு வலி" என்று மட்டும் சொல்லாமல் இடத்தைக் காட்டுங்கள்.

- கவட்டில் நோகிறதா? இடுப்பு மூட்டாக இருக்கலாம்.
- பக்கத்து எலும்பின் மேல் நோகிறதா, அந்தப் பக்கம் சரிந்து படுக்க முடியவில்லையா? தசைநாராக இருக்கலாம்.
- பிட்டத்தில் தொடங்கி முழங்காலுக்குக் கீழே இறங்குகிறதா? முதுகு நரம்பாக இருக்கலாம்.

நாம் செய்யக்கூடியவை

1. நாள் முழுக்கப் படுத்திருக்க வேண்டாம். ஒரே நாளில் எல்லா வேலையையும் இழுத்துப் போடவும் வேண்டாம். கொஞ்சம் நடந்து, கொஞ்சம் ஆறி, வாரத்துக்கு வாரம் சிறிது கூட்டுங்கள்.
2. மலையில் நிற்கும்போது ஊன்றும் காலை அடிக்கடி மாற்றுங்கள். கூடையை நிரம்பி வழிய விடாதீர்கள்.
3. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மெல்ல உயர்த்தி இறக்குங்கள். காலை 10 தடவை, மாலை 10 தடவை போதும். நோவு கூடினால் குறையுங்கள்.
4. நோகாத பக்கம் சரிந்து, முழங்கால்களுக்கு இடையில் தலையணை வைத்துப் படுங்கள்.
5. பேர் தெரியாத குளிசைகளைக் கடையில் வாங்கி விழுங்காதீர்கள். வலிக் குளிசையைத் தினமும் போட்டால் வயிறும் சிறுநீரகமும் கெடலாம். வைத்தியர் மேற்பார்வை இல்லாமல் ஸ்டீரொயிட் மருந்தை நீண்ட நாள் எடுத்தாலோ, சாராயம் அதிகம் குடித்தாலோ, தொடை எலும்பின் தலைக்கு இரத்த ஓட்டம் குறைந்து எலும்பு கெடக்கூடும். தொடக்கத்தில் இதுவும் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். ஆகவே கவட்டு வலி ஆறாவிட்டால் மறுபடியும் போய்க் காட்டுங்கள்.

தாமதிக்கக் கூடாதவை

காய்ச்சலோடு வலி, விழுந்த பின் கால் ஊன்ற முடியாமை, காரணமில்லாமல் உடல் மெலிதல், இரவில் தூங்கவிடாமல் கூடிவரும் வலி, கவட்டுப் பகுதி மரத்துப்போதல், சிறுநீர் கட்டுப்படாமை, பிள்ளை நொண்டி நடத்தல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கடைசியாக வீட்டாருக்கு ஒரு வார்த்தை. மலையால் வந்தவள் தண்ணீரும் விறகும் தானே சுமந்தால் எந்த மருந்தும் பலிக்காது. ஒரு குடத்தை நீங்கள் தூக்குங்கள். "வலிக்குது" என்று அவள் சொன்னால் முதலில் நம்புங்கள். பாதிச் சுமை அங்கேயே இறங்கிவிடும்.